கடலைத் தேடாத நதி

மவுன் என்றொரு ஊர். ஆப்பிரிக்காவின் தெற்கே, போட்ஸ்வானா தேசத்தில் இருக்கிறது. புழுதி பறக்கும் சாதாரண ஊர்தான். ஆனால், அதன் விமான நிலையத்தில் எந்நேரமும் குட்டிக் குட்டி விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஐந்தாறு பேர் உட்காரலாம். சூட்கேஸ் கூடாது. துணிப்பைதான். அதுவும் இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு.

ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆவதற்குள் கீழே காட்சி மாறிவிடும். அதுவரை காய்ந்த முள்காடு. திடீரென்று பச்சை. அந்தப் பச்சைக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டியதுபோலத் தண்ணீர். நடுவே ஆயிரக்கணக்கில் தீவுகள். ஒவ்வொரு தீவுக்கும் ஓரத்தில் மட்டும் மரங்கள், நடுவில் வழுக்கை. யாரோ வரிசையாகத் தலைகளைச் செய்து வைத்த மாதிரி.

ஒகவாங்கோ டெல்டா.

மண்பாதையில் விமானம் இறங்கும். திறந்த ஜீப் காத்திருக்கும். தண்ணீரைப் பார்த்தாற்போல மரக்கால்கள்மேல் கட்டிய கூடாரம். பேருக்குத்தான் கூடாரம். உள்ளே தேக்குக் கட்டில், குளியல் தொட்டி எல்லாம் உண்டு. ராத்திரி நீர்யானை வாசலில் வந்து புல் மேயும். சீசன் நேரத்தில் பெரிய லாட்ஜ்களில் ஓர் இரவுக்கு, ஓர் ஆளுக்கு, ஆயிரம் டாலருக்கு மேல். பணம் இருப்பவர்கள் போகிறார்கள். சிங்கம் பார்க்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். திரும்பி வருகிறார்கள்.

அந்தக் காட்டின் வாசலில் ஒரு பெயர்ப் பலகை இருக்கும். மொரெமி வனவிலங்குக் காப்பகம். யார் இந்த மொரெமி? சிங்கம் பார்க்கிற அவசரத்தில் அதையெல்லாம் யார் கேட்பது? நாம் கேட்போம்.

*

முதலில் அந்த நதியைப் புரிந்துகொண்டுவிடலாம். கொஞ்சம் விசித்திரமான நதி.

அங்கோலாவின் மலைநாட்டில் பிறக்கிறது. குபாங்கோ, குயிட்டோ என்று இரண்டு பெரிய கிளைகள். இரண்டும் சேர்ந்து, நமீபியாவின் ஒரு மெல்லிய நிலத்துண்டைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. நதி என்றால் கடலுக்குப் போகவேண்டும் அல்லவா? இது போகாது. கலஹாரி பாலைவனத்தைப் பார்த்துப் போகும். அந்த மணலில் கைவிரல்களை விரித்ததுபோலப் பரவி, அப்படியே மாயமாகிவிடும். வந்த தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் வெயிலும் செடிகொடிகளும் குடித்துத் தீர்த்துவிடுகின்றன.

இன்னொரு வேடிக்கை. அங்கோலாவில் மழை கொட்டுவது டிசம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் அந்தத் தண்ணீர் மவுனுக்கு வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடும். காரணம், டெல்டா முழுக்கக் கிட்டத்தட்ட மேஜைபோலச் சமதரை. நாணல் புதருக்குள் நுழைந்து நுழைந்து, நத்தை மாதிரிதான் வெள்ளம் வரும். விளைவு? போட்ஸ்வானாவில் மழை நின்று, சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற மாதங்களில் இங்கே மட்டும் வெள்ளம். யானையும் எருமையும் மானும் பின்னே எங்கே போகும்? எல்லாம் இங்கேதான்.

அந்த வழுக்கைத் தீவுகள் சமாசாரம் என்ன? ஆரம்பித்து வைத்தது கரையான். தண்ணீர் வடிந்த நேரத்தில் புற்று கட்டும். அடுத்த வெள்ளத்தில் அந்தப் புற்று மட்டும் தலை தூக்கி நிற்கும். பறவை வந்து உட்கார்ந்து விதை போடும். மரம் முளைக்கும். மரம் நிலத்தடி நீரை உறிஞ்சும், உப்பை மட்டும் கீழே விட்டுவிடும். வருஷக்கணக்கில் அந்த உப்பு தீவின் நடுவில் சேர்ந்து, அங்கே இருந்த மரங்களையே கொன்றுவிடும். அதான் வழுக்கை. யோசித்துப் பார்த்தால் பயங்கரமான ஏற்பாடு. லட்சக்கணக்கான டன் உப்பு வருஷந்தோறும் உள்ளே வருகிறது. கடலுக்குப் போக வழியில்லை. ஆனாலும் ஒகவாங்கோ தண்ணீரை அள்ளிக் குடிக்கலாம். உப்பையெல்லாம் தீவுகள் வாங்கிப் பதுக்கிக்கொள்கின்றன.

*

இந்தத் தண்ணீர்க் காட்டில் முதலில் இருந்தவர்கள் ஆற்று புஷ்மென் மக்கள். மீன் பிடிப்பார்கள், வேட்டையாடுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வயேயி மக்கள் படகோடு வந்தார்கள். மொகோரோ என்று பெயர். ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒல்லியான படகு. துடுப்பு கிடையாது, நீளக் கம்பை ஊன்றித் தள்ளவேண்டும். இன்றைக்கு டூரிஸ்ட்டுகள் பயந்து பயந்து உட்கார்ந்து போவது அந்தப் படகில்தான். என்ன, இப்போது மரம் வெட்டக்கூடாது என்பதால் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ்.

அப்புறம் வந்தவர்கள் தவானா. கால்நடைக்காரர்கள். கூட்டம் சிறியதுதான், ஆனால் அதிகாரம் செய்யத் தெரிந்தவர்கள். வயேயிகளையும் புஷ்மென் மக்களையும் கிட்டத்தட்ட அடிமைகளாக வைத்துக்கொண்டார்கள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் தவானாக்களைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று வருகிறது. அப்போது இது மறந்துபோகக்கூடாது.

1884. தவானாக்களின் அரசர் இரண்டாம் மொரெமி. கிழக்கேயிருந்து லோபெங்குலாவின் என்டெபெலே படை வந்தது. அந்தக் காலத்தில் என்டெபெலே என்றால் குலை நடுங்கும். மாட்டை ஓட்டிப் போவது, ஊரைக் கொளுத்துவது, ஆளைப் பிடித்துப் போவது. அவர்கள் வந்து பார்த்தால் ஊர் காலி. ஆளே இல்லை. மாடுகள் மட்டும் நிற்கின்றன. அடடா, அதிர்ஷ்டம் என்று கொண்டாட ஆரம்பித்த நேரத்தில், குதிரைமேல் துப்பாக்கியோடு ஒரு சிறு கூட்டம் வந்து சுட்டுவிட்டு ஓடியது. துரத்தினார்கள். நின்றார்கள். மறுபடி வந்து சுட்டுவிட்டு ஓடியது. மறுபடி துரத்தினார்கள்.

அப்படித் துரத்தித் துரத்திக் கடைசியில் வந்து சேர்ந்த இடத்தின் பெயர் குட்டியபசாடி. ஆள் உயர நாணல். சுற்றிலும் ஆழமான தண்ணீர். எதிரே ஒரு தீவு, அதில் மாடுகள். போக ஒரு பாலம். நாணலையும் கோரையையும் வெட்டிப் பின்னிய பாலம். பின்னியவர்கள் வயேயிகள். கூட்டமாக ஏறினால் பிய்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துப் பார்த்துப் பின்னியிருந்தார்கள்.

ஏறினார்கள். பிய்த்துக்கொண்டது. நீச்சல் தெரியாத வீரர்கள், கேடயமும் ஈட்டியுமாகத் தண்ணீரில். நாணலுக்குள் மொகோரோக்களில் மறைந்திருந்த வயேயிகள் பாய்ந்து வந்தார்கள். முதலைகளும் சும்மா இருந்திருக்காது. வந்த படையில் பாதிக்கு மேல் ஊர் திரும்பவில்லை என்று சொல்கிறார்கள். தவானா அரசைக் காப்பாற்றியது தவானாக்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் பாலம். அதற்கு அவர்களுக்கு விடுதலை கிடைத்ததா என்றால், ம்ஹூம். தங்களைத் தனி இனமாக அங்கீகரிக்கச் சொல்லி வயேயிகள் கோர்ட்டுப் படி ஏறி, நாட்டின் சட்டம் பாரபட்சமானது என்று தீர்ப்பு வாங்கவே 2001 ஆகிவிட்டது.

*

வெள்ளைக்காரர்கள் எப்போது வந்தார்கள்? அதற்கும் முன்பே. டேவிட் லிவிங்ஸ்டன் 1849 ஆகஸ்ட் 1-ம் தேதி டெல்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் நகாமி ஏரியைப் பார்த்தார். உலகம் முழுக்கப் பேர். லண்டனில் பரிசு.

அந்தப் பயணத்தில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் காட்டன் ஓஸ்வெல். இவரைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். ஏனென்றால் இந்த ஆசாமிக்குத் தமிழ் தெரியும். நிஜமாகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தராக 1837-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். வந்த இடத்தில் தமிழ் கற்றுக்கொண்டார். யானை பிடிக்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, சாகக் கிடந்து, உடம்பு தேற தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி வைத்தார்கள். தேறியதும் கலஹாரிக்குக் கிளம்பிவிட்டார். அசாத்திய வேட்டைக்காரர். லிவிங்ஸ்டனிடம் பக்தி இருந்தது, பணம் இல்லை. ஓஸ்வெலிடம் பணம் இருந்தது. பயணத்துக்குச் செலவழித்தவர், பின்னால் லிவிங்ஸ்டன் குழந்தைகளுக்குக் கேப் டவுனில் துணிமணி வாங்கிக் கொடுத்தவர் எல்லாம் இவர்தான். பெயரை மட்டும் லிவிங்ஸ்டன் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்பதுகூடத் தப்பு. ஓஸ்வெல் எழுதவில்லை, லிவிங்ஸ்டன் எழுதினார். சரித்திரம் எழுதியவன் பக்கம்தானே நிற்கும்? நன்றி மறக்கவில்லை லிவிங்ஸ்டன். 1851-ல் டெல்டாவிலிருந்து வழிந்தோடும் நதிக்கரையில் பிறந்த மகனுக்கு வில்லியம் ஓஸ்வெல் என்று பெயர் வைத்தார். செல்லப் பெயர் ஸூகா. அந்த நதிக்கு அவர்கள் கேட்டறிந்த பெயர் அது.

ஆக, ஒகவாங்கோத் தண்ணீரைப் பார்த்த முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் தமிழில் பேசத் தெரிந்தவர். நமக்கு ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.

ஏனென்றால் அடுத்து நடந்தது சந்தோஷப்படுகிற விஷயமில்லை. நகாமிக்கரையில் யானைத் தந்தங்கள் செத்த இடத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு அது எலும்பு. பதின்மூன்று ஷில்லிங் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துவிட்டு பத்துப் பெரிய தந்தங்களை வாங்கினார், கூடவே வந்த வியாபாரி ஒருவர். செய்தி பரவியது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் அந்த நதிக்கரையில் நூற்றுக்கணக்கான யானைகள் விழுந்தன. தந்தம், தோல், தீக்கோழி இறகு. வண்டி வண்டியாகப் போனது.

டெல்டாவின் உள்பக்கம் மட்டும் தப்பித்தது. காப்பாற்றியது யார்? ஓர் ஈ.

செட்ஸி ஈ. கடித்தால் மாடும் குதிரையும் சாகும், மனிதனுக்குத் தூக்க வியாதி வரும். மாடு மேய்க்க முடியாத இடத்தில் எவன் குடியேறுவான்? ஆனால், பிரிட்டிஷ் நிர்வாகம் விடவில்லை. ஈயை ஒழிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஈ எதன் ரத்தத்தைக் குடித்து வாழ்கிறது? காட்டு மிருகங்களின் ரத்தத்தை. அப்படியென்றால் மிருகங்களைச் சுட்டுவிடலாம்! 1940-களில் ஆரம்பித்து, அறுபதுகள் வரை ஆயிரமாயிரமாகச் சுட்டார்கள். மரங்களை வெட்டினார்கள். அப்புறம் பூச்சி மருந்துக்கு மாறி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விமானத்திலிருந்து தெளித்துத்தான் ஈயை டெல்டாவிலிருந்து துரத்த முடிந்தது. அதற்குள் எத்தனை ஆயிரம் மான்கள் ஈயின் பாவத்துக்குப் பலியாகிப் போயின!

*

இப்போது மொரெமிக்கு வருவோம். இது மூன்றாம் மொரெமி. 1946-ல் விபத்தில் இறந்துபோனார். மகன் சின்னப் பையன். அரியணைக்கு யார்? அவர் மனைவி எலிசபெத் புலானே மொரெமி, மகன் வளரும்வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

ஒரு பெண்! அந்த நாட்டு வழக்கப்படி ஊர்ச் சபைக்குக் கோட்லா என்று பெயர். மரத்தடியில், அரைவட்டமாக நட்ட மரக்கட்டைகளுக்கு நடுவே கூடுவார்கள். ஆண்களின் இடம் அது. அங்கே நடுநாயகமாக உட்கார்ந்து ஒரு பெண் தீர்ப்புச் சொன்னாள், வருஷக்கணக்கில்.

அவர் கண்முன்னால் காடு காலியாகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஈ ஒழிப்புத் துப்பாக்கி. இன்னொரு பக்கம் முதலைத் தோல் வியாபாரம். ராத்திரியில் டார்ச் அடித்து, கண் மின்னுகிற இடத்தில் சுட்டால் முடிந்தது. பாரீஸ் கடைகளில் கைப்பையாகப் போய்ச் சேரும். போதாக்குறைக்கு வெளியூர் வேட்டைக்காரர்கள். ராபர்ட் கே, ஜூன் கே என்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். புலானே கேட்டுக்கொண்டார்.

கோட்லா கூடியது. சொந்தப் பழங்குடி நிலத்தில் ஒரு பெரும் பகுதியை ஒதுக்கி, அதில் வேட்டை கிடையாது என்று அறிவிக்க வேண்டும். இதுதான் பிரச்னை. லேசாக நினைத்துவிடாதீர்கள். வேட்டை என்றால் அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, சாப்பாடு. அதை யாரோ வெள்ளைக்கார அதிகாரி வந்து தடுத்தால் கோபம் வரும். தாங்களே தடுத்துக்கொள்வது என்றால்? பேசினார்கள், பேசினார்கள், கடைசியில் சம்மதித்தார்கள்.

1963-ல் மொரெமி காப்பகம் பிறந்தது. ஆப்பிரிக்காவின் மற்ற பெரிய காப்பகங்களின் கதையை எடுத்துப் பாருங்கள். காலனி அரசு கோடு போடும், உள்ளே இருப்பவர்களை வெளியே தள்ளும். இங்கே மட்டும் அந்த மண்ணின் மக்களே தங்கள் நிலத்தில் கோடு போட்டார்கள். அந்த விதத்தில் இதுதான் முதல். எழுபதுகளில், அரச குடும்பத்துக்கு மட்டுமே வேட்டை உரிமை இருந்த சீஃப் தீவையும் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்குக் கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டர்.

நல்ல கதை. ஆனால் இங்கேதான் ஒரு முள்.

அந்தக் கோட்டுக்குள் புஷ்மென் குடும்பங்கள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள். கோட்லாவில் கை தூக்கிய தவானாக்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் இவர்கள். காப்பகத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே, க்வாய் நதியோரம் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மக்களே போட்ட கோடு என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, எந்த மக்கள் என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. புலானேயின் பெருமை இதனால் குறைந்துவிடாது. ஆனால் க்வாய்க்காரர்களின் கணக்கு வேறு.

சில வருஷத்தில் அதே க்வாய் நதியோரம் ஒரு லாட்ஜ் எழுந்தது. கட்டியவர் ஹாரி செல்பி. கென்யாவில் வெள்ளைக்கார வேட்டைக்காரராகக் கொடிகட்டிப் பறந்தவர். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ருவார்க் இவரைப் பற்றிப் புத்தகம் எழுதி ஹீரோவாக்கிவிட்டார். அப்படிப்பட்டவர் கட்டியது, துப்பாக்கியில்லாமல் கேமராவோடு வருகிறவர்களுக்கான லாட்ஜ். போட்ஸ்வானாவில் அந்த வகைக்கு அதுதான் முன்னோடி. கேலி செய்தவர்கள் இருந்திருப்பார்கள். சுடாமல் சும்மா பார்த்துவிட்டுப் போக எவன் காசு கொடுப்பான்? கொடுத்தான். இன்றுவரை கொடுக்கிறான். செல்பி 2018-ல் மவுனில் இறந்தார், தொண்ணூறைத் தாண்டி.

*

1966-ல் போட்ஸ்வானா சுதந்திரம் பெற்றது. மறுவருஷமே வைரம் கிடைத்தது. ஒராபா என்ற இடத்தில். வைரச் சுரங்கத்துக்குத் தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? எல்லார் கண்ணும் ஒகவாங்கோ மேல்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் போரோ என்ற கால்வாயின் கீழ்ப்பகுதியைத் தூர்வாரி ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் வேகமாக ஓடியது. இரண்டு பக்கக் கரையும் காய்ந்தது. மீன் போயிற்று, நாணல் போயிற்று. மவுன்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

1990-ல் அதே போரோவைப் பெரிதாகத் தூர்வார மறுபடி இயந்திரங்கள் வந்தன. ஊர் கொதித்துவிட்டது. 1991 ஜனவரியில் மவுன் கோட்லாவில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடினார்கள். தலைநகரிலிருந்து அமைச்சர் வந்தார். மணிக்கணக்கில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். மீனவர், மாடு வளர்ப்பவர், நாணல் அறுக்கிற பெண்கள். அரசாங்கம் வேலையை நிறுத்தியது. சர்வதேச நிபுணர் குழுவைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னது. 1992-ல் அவர்கள் சொன்ன பதிலும் அதுதான்: வேண்டாம். திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் பிடி மவுன்காரர்கள் கையில் மட்டுமா இருக்கிறது? நதி மூன்று நாட்டுக்காரர்களுடையது. மேலே அங்கோலா, நடுவே நமீபியா, கடைமடையில் போட்ஸ்வானா. கடைமடைக்காரன் கவலையைத் தமிழனுக்கு விளக்க வேண்டுமா என்ன! 1990-களின் நடுவில் வறட்சி வந்தபோது, நமீபியா இந்த நதியிலிருந்து குழாய் போட்டுத் தன் தலைநகருக்குத் தண்ணீர் கொண்டுபோகத் திட்டம் போட்டது. நல்லவேளை, மழை பெய்தது. 1994-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்துக்கொண்டன. அதுமுதல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசுவது நல்லதுதான்.

அங்கோலாவோ வேறு காரணத்தால் நதியைத் தொடவில்லை. யுத்தம். 1975-லிருந்து 2002 வரை உள்நாட்டுப் போர். 1987-88-ல் ஆப்பிரிக்காவையே உலுக்கிய குயிட்டோ குவானவாலே சண்டை நடந்தது டெல்டாவுக்குத் தண்ணீர் அனுப்புகிற ஆற்றின் கரையில்தான். டாங்குகள், பீரங்கிகள், க்யூபாப் படைகள், தென்னாப்பிரிக்கப் படைகள். மண்ணெல்லாம் கண்ணிவெடி. அணை கட்டவோ பாசனம் செய்யவோ அங்கே எவனும் கால் வைக்க முடியவில்லை. இருபத்தேழு வருஷம் அங்கோலா மக்கள் பட்ட துன்பத்தின் மறுபக்கம், கீழே லாட்ஜ் வாசலில் சுத்தமான தண்ணீர். சொல்லவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். வெடிகளைத் தோண்டி எடுக்க எடுக்க, அங்கே விவசாயம் வரும். வரத்தான் வேண்டும். அவர்களும் சாப்பிட வேண்டாமா?

2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒகவாங்கோ சேர்ந்தது. பட்டியலின் ஆயிரமாவது இடம் என்று கொண்டாடினார்கள். அதே வருஷம் போட்ஸ்வானா வேட்டைக்குத் தடை போட்டது. 2019-ல் தடையை நீக்கியது. யானை பெருத்துவிட்டது, பயிரை அழிக்கிறது, ஆளைக் கொல்கிறது என்று கிராமத்துக்காரர்கள் சொன்னார்கள். தப்பில்லை, ராத்திரியில் யானையோடு வாழ்கிறவர்கள் அவர்கள்தானே. க்வாய் மக்கள் இப்போது சொந்தமாக அறக்கட்டளை வைத்து, தங்கள் பகுதியைச் சுற்றுலாவுக்கு விட்டு அதில் வருமானம் பார்க்கிறார்கள். அந்த ஊர்ப் பையன்கள் பலர் வழிகாட்டிகள். எந்தப் புதரில் சிறுத்தை படுத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தாத்தாவின் காடு அல்லவா?

மவுனில் லாட்ஜுக்குப் போகாத சாதாரண ஜனங்களுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. காசு கிடையாது. ஜூன் வாக்கில் தமலக்கானே நதியின் காய்ந்த படுகையில் வெள்ளத்தின் முதல் நாக்கு வரும். அரை அடி உயரம்கூட இருக்காது. சருகையும் பூச்சியையும் தள்ளிக்கொண்டு, மனுஷன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக, மணலை நக்கிக்கொண்டே வரும். முன்னால் கொக்குகள் பூச்சி பொறுக்கிக்கொண்டே பின்வாங்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தில் வந்து நிற்பார்கள். போன வருஷம் எங்கே வரைக்கும் வந்தது, இந்த வருஷம் எங்கே வரைக்கும் வரும் என்று கரையைக் காட்டிப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.